கப்பலை யாரும் தாக்கவில்லை, பிறகு ஏன் சரக்கு வரவில்லை?

சரக்கு அனுப்பித்தரும் தொழிலில் இருக்கிறேன். 2023 டிசம்பருக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற கப்பலில் ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி அதைக் கைப்பற்றினார்கள். அதிலிருந்த 25 மாலுமிகளும் விடுதலையாக 2025 ஜனவரி வரை ஆனது. கப்பல்கள் மீதான தாக்குதல் தொடரவே, 2023 டிசம்பரிலேயே பெரிய கன்டெய்னர் நிறுவனங்கள் செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் நீரிணையையும் வடக்கே இருக்கும் சூயஸ் கால்வாயையும் விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் தெற்கே இருக்கும் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு ஏறக்குறைய 3,500 கடல் மைல் கூடுதல், அதாவது பத்து நாளோ அதற்கு மேலோ. சுற்றிப் போகிறார்களே என்று நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள், அந்த உயிர்களுக்கு முன்னால் பத்து நாள் பெரிதில்லை.

ஆனால் பாதிப்பு அந்தப் பத்து நாளோடு நிற்பதில்லை. வாரம் ஒரு கப்பல் என்று ஓடும் ஒரு சேவையில், போய்த் திரும்ப 12 வாரம் என்றால் 12 கப்பல் வேண்டும். அதே பயணம் 14 வாரமானால் 14 வேண்டும், அந்த இரண்டு கப்பல் கிடைக்காத நிறுவனம் சில வாரங்களைக் காலியாக விட்டுவிடும். காலி கன்டெய்னர்களும் தாமதமாகத்தான் திரும்பும், அதனால் செங்கடல் பக்கமே போகாத சரக்குக்கும் பெட்டி கிடைக்காது, கட்டணம் ஏறும். அப்புறம் தாமதமான கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். 2024 நடுவில் சிங்கப்பூரில் அதுதான் நடந்தது. என் வாடிக்கையாளர் ஒருவர் வாரம் ஒன்றாக அனுப்பச் சொன்ன மூன்று கன்டெய்னர்களும் ஒன்றாக வந்து இறங்கின. கிடங்கில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது, மற்ற இரண்டுக்கும் துறைமுகத்தில் இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், கட்டினார்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். தயவுசெய்து பாலிசியை எடுத்துப் படியுங்கள். சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் பயன்படும் விதித்தொகுப்பான இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் 'ஏ'-யில் கடற்கொள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு, போருக்குக் கிடையாது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கோ அதில் இடமே இல்லை. சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தையும் விடாதீர்கள்: ஆபத்து என்று கருதினால் வழியை மாற்றவும், வேறு துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுப் போகவும் பெரும்பாலான நிறுவனங்கள் அதில் உரிமை எழுதி வைத்திருக்கின்றன.

ஏற்றுமதி செய்பவர்களே, வாங்குபவர் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்கும்போதே அவரிடம் பேசி, சரக்கு ஏற்றும் கடைசித் தேதியை இரண்டு மூன்று வாரம் தள்ளி வையுங்கள். சரக்கு துறைமுகத்தில் தயாராக நின்றாலும், ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பல் தாமதமானால் அந்தத் தேதி தாண்டிவிடும். அப்போது வங்கி கப்பலின் கதையைக் கேட்காது, பில் ஆஃப் லேடிங்கில் உள்ள தேதியை மட்டும்தான் பார்க்கும்.