குஞ்சத்து நூலை மட்டும் எரித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்

பருத்தி என்று நம்பி வாங்கிய புடவையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜவுளிப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை, ஆடித் தள்ளுபடி முடிந்ததும் ஆண்டுதோறும் கூடிவிடுகிறது. அண்மையில் வந்த ஓர் ஆசிரியை, இனிமேல் பருத்தி, லினன், பட்டு தவிர வேறெதையும் உடுத்துவதில்லை, அவற்றையும் அளவோடுதான் வாங்குவது என்று தீர்மானித்து, பழையவற்றையெல்லாம் கொடுத்துவிட்டு ஆறு புடவைகள் புதிதாக வாங்கியிருந்தார். அவற்றில் இரண்டுதான் முழுப் பருத்தி. இரண்டில் குறுக்கே ஓடும் ஊடை நூல் பாலியஸ்டர். மீதி இரண்டும் கூழிலிருந்து செய்யும் செயற்கை இழையான ரேயான். நூலை எரித்துப் பார்த்துத்தானே வாங்கினேன் என்று அவர் ஆதங்கப்பட்டார். எந்த நூலை எரித்தீர்கள் என்று கேட்டால், எல்லோரையும் போல அவரும் குஞ்சத்தைத்தான் காட்டினார்.

முந்தானையில் தொங்கும் குஞ்சம் முழுவதும் பாவு நூல், அதாவது புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல். ஊடை அதில் ஒரு இழைகூட இருக்காது. பாவில் பருத்தியும் ஊடையில் பாலியஸ்டரும் போட்டு நெய்த புடவையின் குஞ்சத்தை எத்தனை முறை கொளுத்தினாலும் அது தாளைப் போலத்தான் எரிந்து சாம்பலாகும். குஞ்சம் தொடங்குகிற இடத்தில் கடைசி ஊடை நூலை ஊசி முனையால் நெம்பினால் எளிதாக உருவி வரும். இடுக்கியில் பிடித்து அதையும் தனியாக எரித்துப் பாருங்கள். சுடரைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறிய பின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றால் அது பாலியஸ்டர்.

இரண்டு நூலும் தாளைப் போல எரிந்துவிட்டால் பருத்திதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்களே, எனக்குப் பெரும் எரிச்சலைத் தருவது அதுதான். ரேயானும் அப்படியே எரியும். பருத்தியும் ரேயானும் செல்லுலோஸ் என்ற ஒரே தாவரப் பொருள்தான்; சுடருக்கு வேறுபாடு தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் பருத்தி இழை முறுக்கிய நாடா போலவும் ரேயான் நீளவாக்கில் கோடு விழுந்ததாகவும் இருக்கும், ஆனால் கடையில் யாரும் நுண்ணோக்கி வைத்திருப்பதில்லை. மரக்கூழையோ மூங்கில் கூழையோ காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, அந்தக் கரைசலை நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சி இழையாக்கினால் அதுவே ரேயான், அதாவது விஸ்கோஸ். மூங்கிலில் தொடங்கியதாலேயே அதை இயற்கை இழை என்று விற்பது எப்படி நியாயமாகும்? தண்டிலிருந்து நேரடியாக நார் உரித்து நெய்த மூங்கில் துணியும் உண்டு. அது அரிது, விலை கூடியது, மொரமொரப்பாகவும் இருக்கும். வழவழவென்று கையிலிருந்து நழுவுகிற 'மூங்கில் துணி' ரேயான்தான். அப்படிப்பட்ட ரேயான் பொருட்களை மூங்கில் என்று விற்றதாகச் சொல்லி இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022-இல் நடவடிக்கை எடுத்து, மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வைத்தது. நம் ஊர் இணைய விளம்பரங்களில் அதே சொல் இன்றும் தடையின்றிப் புழங்குகிறது.

ரேயான் உடுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலியஸ்டர் காற்றிலிருந்து தன் எடையில் 0.4 சதவீத ஈரத்தைத்தான் ஏற்கும், பருத்தி 8.5 சதவீதம் ஏற்கும், ரேயான் அதற்கும் மேலே. ஆகவே வியர்வைக்கு அது கெடுதலில்லை. சிக்கல் துவைக்கும்போதுதான் வரும். நனைந்த பருத்தியின் வலு கூடும், நனைந்த ரேயானின் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பருத்தி என்று நினைத்து ரேயானைக் கல்லில் அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிந்தால், ஆண்டுக்கணக்கில் உடுத்தலாம் என்று வாங்கிய துணி சில மாதங்களிலேயே தையலோரம் விட்டுப்போகும்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே உறுதி. நூல் என்ன என்பதைத் தனியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க், பட்டு அசல் என்பதற்கான உறுதி. 'ஆர்ட் சில்க்' என்பது செயற்கைப் பட்டு, அதில் பட்டுப்புழுவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அலமாரியைத் திருத்த நினைப்பவர்கள் தயவுசெய்து ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். கையிலிருக்கும் பாலியஸ்டரைத் தூக்கி எறிந்தால் அது மக்கப்போவதில்லை, கிழியும்வரை உடுத்துங்கள். புதிதாக வாங்குவதை உடம்போடு ஒட்டுகிறவற்றிலிருந்து தொடங்குங்கள்: முதலில் உள்ளாடை, இரவு உடை, குழந்தைகளின் வீட்டு உடை, அதன் பின் வேலைக்கு உடுத்துபவை, விசேஷத்துக்கானவை கடைசியில். லினன் கசங்கத்தான் செய்யும்; கசங்குவது பொறுக்காதவர்கள் வாங்கி அலமாரியில் அடுக்குவதில் பயனில்லை. பருத்திச் சட்டையை உடம்போடு இறுக்கமாக எடுக்காதீர்கள், முதல் தண்ணீரில் கொஞ்சம் சுருங்கும். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் பருத்தி உடுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். பருத்தி உருகித் தோலில் ஒட்டாது, ஆனால் பற்றிக்கொள்ளும். தொளதொளவென்ற பாவாடையோடு மத்தாப்பு கொளுத்த விடாதீர்கள்.

கடையில் 'காட்டன் மாதிரிதான் மேடம்', 'லினன் ஃபீல் சார்' என்று சொன்னால் அது காட்டனும் இல்லை, லினனும் இல்லை. பாவு என்ன, ஊடை என்ன, எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.