235 ரூபாய் பயமும் ஒரு கறுப்பு ஒயரும்

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். திருச்சியில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். “வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது, வந்து பாருங்க சார்.” நானும் என்னிடம் வேலை பார்க்கும் தம்பியும் போனோம். கீழ் வீட்டு மெயினை ஆஃப் செய்தோம். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, படுக்கையறை ஏசியும் நின்றது. தம்பி சிவப்பு ஒயரில் டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எரியவில்லை. ஸ்டூலில் ஏறி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, கறுப்பு ஒயர் முறுக்கைப் பிரித்தான்.

அடுத்த நொடி தரையில் கிடந்தான். பீரோ விளிம்பில் முழங்கை இடித்து ரத்தம். அரை மணி நேரம் வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கறுப்பிலும் டெஸ்டர் வைத்துப் பார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கரண்ட் வருவது சிவப்பு ஒயரில், அது ஃபேஸ்; திரும்பிப் போவது கறுப்பில், அது நியூட்ரல். மெயின் ஆஃப் ஆன வீட்டில் நியூட்ரலில் கரண்ட் எப்படி வந்தது? படுக்கையறை ஏசிக்கு ஃபேஸ் மேல் வீட்டு மீட்டரிலிருந்து வந்தது. நியூட்ரலை மட்டும் கீழ் வீட்டு போர்டில் கொடுத்திருந்தார்கள். கீழ் மெயினை ஆஃப் செய்ததும் நியூட்ரலும் துண்டிக்கப்பட்டு, மேலிருந்து வந்த ஃபேஸ் ஏசிக்குள் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல் கீழ் வீட்டுக் கறுப்பு ஒயர் அத்தனையிலும் 230 வோல்ட்டாக நின்றது. ஏசி ஓடாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தக் கோடையில் மட்டும் இப்படி நான் பார்த்த நான்காவது வீடு இது. நான்கிலும் காரணம் ஒன்றே: இரண்டு மாத கரண்ட் பில்லில் யூனிட் “ஐநூறு தாண்டக் கூடாது.”

வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். மெயின் போர்டு பக்கத்திலேயே தினசரி காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் மீட்டர் ரீடிங் குறித்து வைத்திருக்கிறார். 480 வந்த தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். “ஐநூறுக்கு மேல ஒரு யூனிட் போனாலும் மொத்தத்துக்கும் எட்டு ரூவா போட்டுடுவாங்க சார். 650 யூனிட்டுன்னா அஞ்சாயிரத்து இருநூறு! மேல பையன் வீட்ல இலவச நூறு யூனிட்டே முழுசா ஓடல, அது வீணாத்தானே போகுது? அதான் ஏசியை மட்டும் மேல மாத்தினோம்.”

நான் அதிகம் கேட்கும் பொய் இதுதான். நிதானமாகவே சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள்.

500 தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் 8 ரூபாய் போட மாட்டார்கள். எப்போதும் போட்டதில்லை. 2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த வீதத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500 தாண்டினால் என்ன மாறுகிறது? முதல் 100 அப்போதும் இலவசம்தான், அதை யாரும் பிடுங்குவதில்லை. 101 முதல் 200 வரை 2.35-க்குக் கிடைத்தது மட்டும் 4.70 ஆகிறது. 500 வரைக்குமான மற்ற வீதங்கள் அப்படியே இருக்கும். 500-க்கு மேல் ஓடிய யூனிட்டுக்கு மட்டும், 600 வரை 8.40, அதன் பிறகு 800 வரை 9.45.

அதாவது கோட்டைத் தாண்டியதற்காக நீங்கள் இழப்பது அந்த நூறு யூனிட்டின் சலுகை: 235 ரூபாய். 501-ஆவது யூனிட்டின் விலை 8.40. ஆக 501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய் 40 காசு. இவர் பயந்த 650 யூனிட்டுக்கு 3,352 ரூபாய் 50 காசு, 5,200 இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மூன்று முறை அவரே கூட்டிப் பார்த்தார்.

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. 2022 செப்டம்பருக்கு முன்பிருந்த வீதத்தில் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய்; ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,786 ரூபாய்க்கு மேல். 650 ரூபாய்க்கு மேல் ஒரே தாவல். அந்த அடி வாங்கியவர்கள் மறக்கவில்லை. 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் பலருக்கும் ஏறியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 500-ஆம் கோட்டில் இருந்த பள்ளம் முன்பைவிடச் சிறியதாகிவிட்டது. வீதம் மாறியதை எல்லாருக்கும் அறிவித்தார்கள். அந்தப் பள்ளம் சிறியதானதை யாரும் வீட்டுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லவில்லை. பில்லின் மூலையிலாவது நான்கு வரியில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், என் தம்பியின் முழங்கையில் தையல் விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒயர் மாற்றியதால் அவருக்கு லாபமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஏசி இல்லாமல் கீழே 450 யூனிட், 1,490 ரூபாய். மேல் வீட்டில் பெங்களூரில் இருக்கும் மகன் மாதம் இரண்டு முறை வந்து போகிறார், ஃபிரிட்ஜ் மட்டும் எப்போதும் ஓடும். 80 யூனிட், பில் பூஜ்யம். அதோடு ஏசியின் 200 யூனிட் சேர்ந்தால் 280, பில் 611. இரண்டும் சேர்த்து 2,101. நேர்மையாக ஓட்டியிருந்தால் 3,352.50. வித்தியாசம் 1,250 ரூபாய் சொச்சம். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லாபத்துக்கு அவர் வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா?

ஒரு இணைப்பின் ஃபேஸும் இன்னொரு இணைப்பின் நியூட்ரலும் சேர்ந்தால், ஷாக்கிலிருந்து காக்க மெயின் போர்டில் வைக்கும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகும், அதாவது தானாகவே கரண்டை வெட்டும். அதன் வேலையே அதுதான்: போன கரண்ட் முழுதும் திரும்பி வரவில்லை என்றால் வெட்டிவிடும். இங்கே ஏசி போட்டபோதெல்லாம் வெட்டியது. முன்பு வந்த எலக்ட்ரீஷியன் “இது ஃபால்ட்டு பீஸ்” என்று சொல்லி, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டார். கழற்றியது மீட்டர் பெட்டி மேலேயே ஒரு பாலிதீன் கவரில் இருந்தது. சோதித்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்ட வேண்டிய சாதனத்தைக் கழற்றி எறிந்த இடத்தில்தான் அந்த வீட்டு அம்மா ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டுக்கொண்டிருந்தார். மெஷினில் லேசான கசிவு. ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால், அந்தக் கசிவு ஆபத்தான அளவுக்கு ஏறும்போது வெட்டியிருக்கும்.

இதைச் செய்து கொடுக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிகளிடம் ஒரு வார்த்தை. வீட்டுக்காரருக்கு வயரிங் தெரியாது, உங்களுக்குத் தெரியும். “ஓனர் சொன்னார், செஞ்சேன்” என்று சொல்லாதீர்கள். இரண்டு சர்வீசும் வேறு வேறு ஃபேஸில் வந்தால் ஒரே சுவிட்ச் பாக்ஸுக்குள் 415 வோல்ட் உட்கார்ந்திருக்கும். அடுத்து அதைத் திறப்பது உங்களைப் போன்ற இன்னொரு தொழிலாளிதான்.

சட்டமும் இதில் தெளிவு. ஒரு இணைப்பை அது அனுமதிக்கப்பட்ட இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. கட்டணத்தைப் போல் இரு மடங்கு போடலாம். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடலாம். மேல் வீட்டில் தனிக் குடும்பம் இருந்து தனி மீட்டர் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. சுவருக்குள் இரண்டையும் முடிச்சுப் போடுவதுதான் தப்பு.

அந்த இலவச 100 யூனிட் “வீணாகப் போகிறது” என்ற பேச்சுக்கும் வருகிறேன். 2016 மே 23-ஆம் தேதி, ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணை அது. அதற்கான பணத்தை அரசு மின்வாரியத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. வீடு, குடிசை, விவசாயம், கைத்தறி, விசைத்தறி எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இந்த மானியம் ஆண்டுக்கு 15,000 கோடி ரூபாய்க்கு மேல். 2025 ஜூலையில் கட்டணம் 3.16 சதவீதம் ஏறியபோதும் வீடுகளுக்கான பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. எனக்கு இந்த மானியத்தில் சண்டை இல்லை. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஃபேனும் விளக்கும் காசில்லாமல் எரிய வேண்டும். ஆனால் பூட்டிக் கிடக்கும் மாடி வீட்டுக்கும், ஒரே குடும்பத்தின் மூன்று மீட்டருக்கும் அதே நூறு யூனிட் போகும் வரை, இந்த முடிச்சுப் போடும் ஆசை தீராது. ஆணையை எழுதுகிறவர்கள் ஒரு முறை ஜங்ஷன் பாக்ஸுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் தெருவுக்கும் நஷ்டம் இருக்கிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாமெல்லாம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்த பிறகுதான் நெருக்கடி: சோலார் இறங்கிவிடும், எல்லா வீட்டிலும் ஏசி ஏறும். அந்த நேரத்தில் சந்தையில் வாங்கும் மின்சாரம் யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பு வரைகூடப் போகிறது. தெருவில் நிற்பது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்றால், ஒன்றரை டன் ஏசி அறுபது சேர்ந்து ஓடினாலே அதன் கொள்ளளவு முடிந்துவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று லோடு வாங்கிய இணைப்பில் கணக்குக் காட்டாமல் ஏசியை ஏற்றினால், எந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்க வேண்டும் என்று எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. ராத்திரி 11 மணிக்கு ஃபியூஸ் போகும். அப்புறம் அந்த லைன்மேனைத் திட்டுவோம்.

என்ன செய்யலாம்? முதலில், ஒன்றுக்கு மேற்பட்ட மீட்டர் உள்ள வீடு என்றால் இன்றைக்கே ஒன்று பாருங்கள். மேல் வீட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள். கீழ் வீட்டில் எதுவும் நிற்கக் கூடாது. கீழ் மெயினை ஆஃப் செய்தால் மேலே எதுவும் நிற்கக் கூடாது. ஏதாவது நின்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை இரண்டு மெயினும் ஆஃபில் இருக்கட்டும். ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனால் அதைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். எங்கே கசிகிறது என்று தேடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வெட்டவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஷாக் அடித்தவர் எழுந்து நடந்தாலும், “ஒண்ணுமில்லை” என்று சிரித்தாலும், ஈ.சி.ஜி. எடுக்காமல் விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பில்லைக் குறைக்க வழி இருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் கிட்டத்தட்ட 97 யூனிட். ஏசியை 26-இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள். 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்தித் தூங்குகிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். பிறகு ஏன் 500 தாண்டுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த வீட்டில் அன்றைக்கே ஒயரைப் பிரித்தோம். ஏசிக்குக் கீழ் போர்டிலிருந்தே தனி லைன், புதிதாக எர்த், கழற்றிய ஆர்.சி.சி.பி. அதே இடத்தில். மூன்று ஃபேனையும் மாற்றச் சொன்னேன், மாற்றினார். போன வாரம் ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் அவரே கூப்பிட்டார். கீழ் வீட்டில் 530 யூனிட், 2,292 ரூபாய். மேலே பூஜ்யம். கள்ள ஒயரோடு ஓடியிருந்தால் 2,101 வந்திருக்கும்.

“நூத்தித் தொண்ணூத்தியோரு ரூவாதான் சார் வித்தியாசம்,” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “தம்பிக்குக் கை எப்படி இருக்கு?” என்று கேட்டார். தையல் பிரித்தாயிற்று, வேலைக்கு வருகிறான், இப்போதெல்லாம் கறுப்பு ஒயரில்தான் முதலில் டெஸ்டர் வைக்கிறான் என்று சொன்னேன்.