றீஇம்பேர்ஸ்மென்ற்: பைக்குத் திரும்பும் காசும் கொந்தராத்தும்

எங்கள் மாமி கிளிநொச்சியில் ஆசிரியை. பித்தப்பைக் கல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். துண்டு வெட்டி வீடு வந்த கையோடு பில், பற்றுச்சீட்டு, மருந்துச் சிட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்புக்குள் அடுக்கி என்னிடம் நீட்டினார். "தம்பி, இந்த றீஇம்பேர்ஸ்மென்ற் போமை ஒருக்கா நிரப்பித் தா."

இந்தச் சொல்லை உரித்துப் பார்த்தால் நடுவில் இருப்பது பேர்ஸ். நாம் காற்சட்டைப் பையில் செருகி வைக்கும் அதே பேர்ஸ்தான். கிரேக்கத்தில் 'பிர்சா' என்றால் பதனிட்ட தோல். அது இலத்தீனில் 'பர்சா' என்று தோற்பை ஆனது. பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து 'பைக்குள் திரும்பப் போடு' என்று ஒரு வினை செய்தார்கள், ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மாதாமாதம் எதிர்பார்த்திருக்கும் உதவிப்பணமான பேர்சரியும் இந்தப் பையிலிருந்து வந்ததுதான்.

தமிழில் மீளளிப்பு என்கிறோம். நல்ல சொல். முதலில் உன் கைக்காசு போக வேண்டும், பிறகு அது திரும்ப வேண்டும் என்ற இரண்டு கட்டமும் அதற்குள் இருக்கிறது. வர்த்தகப் பாடம் படித்தவர்களுக்குச் சில்லறைக் காசேட்டில் வரும் 'மீள்நிரப்பீடு' நினைவிருக்கும். அதுவும் இதன் தம்பிதான். மாமியின் 'அக்ரஹார' காப்புறுதிக்கு மீளளிப்பு அப்படியே பொருந்துகிறது. (தமிழகத்து வாசகர்கள் தெருவைத் தேட வேண்டாம். இங்கே அது அரச ஊழியரின் சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும் மருத்துவக் காப்புறுதியின் பெயர்.)

சிக்கல் வெளிநாட்டுச் சுகாதாரச் செய்திகளைத் தமிழாக்கும்போது வருகிறது. அமெரிக்காவின் 'றீஇம்பேர்ஸ்மென்ற் சீர்திருத்தம்' என்பதை 'மீளளிப்புச் சீர்திருத்தம்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். அங்கே திரும்பி வருவது யாருடைய காசு?

1965இல் முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் சட்டமானபோது சொல் சரியாகவே இருந்தது. ஆஸ்பத்திரி செலவழிக்கும், செலவுக் கணக்கைக் காட்டும், அரசு அதைத் திருப்பிக் கொடுக்கும். கூடச் செலவழித்தால் கூடத் திரும்பி வரும். அப்படியிருக்க, நோயாளியை இரண்டு நாள் முந்தி வீட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாகி அவசரப்படுவார்? செலவு ஏறிக்கொண்டே போனது. 1983இல் முறையை மாற்றினார்கள். நோய்களை 400க்கும் மேற்பட்ட குழுக்களாகப் பிரித்து, இந்தக் குழுவுக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே விலை வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே பெரும்பாலான ஆஸ்பத்திரிகளுக்கு எதுவும் 'மீள' இல்லை. பழைய சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தப் புது முறைக்கு வன்னியில் ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: கொந்தராத்து. ஐரோப்பியர் விட்டுப்போன சொல், ஒப்பந்தத்தைக் குறிக்கும் கொன்ராக்ற்றின் மூத்த உறவு. காலபோகத்துக்கு முன் வரம்பு கட்ட ஆள் பிடித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாட்கூலிக்கு விட்டால் தேத்தண்ணி இரண்டு தரம், வெற்றிலை ஒரு தரம். வேலை ஆறுதலாக நடக்கும், வரம்பு மட்டும் பலமாக நிற்கும். முழு வேலைக்கும் ஒரே விலை பேசிக் கொந்தராத்துக்குக் கொடுத்தால் விடியப்புறமே மண்வெட்டிச் சத்தம் கேட்கும், மத்தியானத்துக்குள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கார்த்திகை மழைக்கு எந்த மூலை உடைகிறது என்று பிறகுதான் தெரியும்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. முழுதாகத் தேறாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பங்கு கூடியதாக ஆய்வுகள் காட்டின. ஆனால் பலர் பயந்ததுபோல இறப்பு வீதம் ஏறவில்லை. அப்புறம் 2012இல், ஒரு மாதத்துக்குள் திரும்ப அனுமதிக்கப்படுவோர் தொகை அளவுக்கு மீறினால் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பணத்தில் வெட்டு என்று இன்னொரு விதி வந்தது. வெட்டு அதிகபட்சம் 3 சதவீதம். வரம்பு உடைந்தால் கூலியில் கழிப்பேன் என்பதுதானே!

இப்படிக் காசைக் காட்டித் தூண்டும் 'இன்சென்ரிவ்' என்பதற்கு ஊக்குவிப்பு என்கிறோம். அதன் இலத்தீன் வேர் பாட்டோடு தொடர்புடையது, மெட்டெடுத்துக் கொடுப்பது என்று பொருள். எடுத்துக் கொடுத்த மெட்டைத்தானே பாடுவார்கள். பிரித்தானியாவில் 2004இல் குடும்ப மருத்துவர்களுக்குப் புள்ளி முறையில் காசு கொடுக்கத் தொடங்கினார்கள்: இரத்த அழுத்தம் பதிந்தால் புள்ளி, நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தால் புள்ளி. சில நோய்களின் பராமரிப்பு கொஞ்சக் காலம் வேகமாக முன்னேறியது. புள்ளி வைக்காத வேலைகளில் சில பின்தங்கின. ஸ்கொட்லாந்து 2016இல் அந்த முறையைக் கைவிட்டது.

பிரித்தானியாவிலும் 2002க்குப் பிந்திய தாய்லாந்திலும் பதிவான ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறையும் உண்டு. அதைத் தலைக்கணக்கு எனலாம். குத்தகை என்று சொல்லிப் பார்த்தேன். குத்தகையில் எடுப்பவரே காசு கட்டுவார், காசு போகும் திசை மாறிவிடுகிறது, விட்டுவிட்டேன்.

எங்கள் அரச வைத்தியசாலைகளில் இந்தப் பேச்சுக்கே இடம் குறைவு. முல்லைத்தீவில் டொக்டர் இருபது பேரைப் பார்த்தாலும் இருநூறு பேரைப் பார்த்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். அதற்கு மேல் வருபவை கொடுப்பனவுகள். தமிழகத்தில் 'படி' என்பதை நாங்கள் இப்படிச் சொல்கிறோம். கொள்வனவுக்கு ஜோடியான சொல். 2024 தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவொன்றை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக்க முடிவெடுத்தபோது, எங்களுக்கும் வேண்டும் என்று மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பின்னேரம் தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து வருபவர்களைப் பார்க்கும்போதுதான் அதே டொக்டருக்கு ஆள் கணக்கு.

ஆகவே என் கையால் எழுதும்போது, செலவழித்தவருக்கே திரும்பினால் மீளளிப்பு. முன்கூட்டி விலை பேசினால் கொந்தராத்துக் கொடுப்பனவு. பத்திரிகை நடைக்கு ஒத்துவராதென்றால் 'முன்விலைக் கொடுப்பனவு' என்று வைத்துக்கொள்ளுங்கள், சரி.

மாமிக்குக் காசு வந்துவிட்டது. வரம்புத் தொகைக்கு மேல் போனது போனதுதான். வங்கிப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்: "மீளளிப்பு எண்டு எழுதினாய், பாதிதானே மீண்டிருக்கு?"