தாத்தாவின் பங்களாவைத் தேடி அலைபவர்களுக்கு

மறுபடியும் ஒரு குடும்பம் ஏமாந்து வந்து நிற்கிறது. பெரம்பூர்ப் பக்கம், தலைமுறைகளாக ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். கையில் 1830களில் எழுதப்பட்ட ஓர் உயிலின் நகல். அதில் வேப்பேரியில் இருந்த வீட்டையும் தோட்டத்தையும் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரகர், வாரிசுச் சான்றிதழுக்கு இவ்வளவு, லண்டனிலிருந்து மூல ஆவணம் எடுக்க இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு என்று கறந்திருக்கிறார். கடைசியில் பவர் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டபோதுதான் அந்த வீட்டுப் பெரியம்மாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது.

பழைய ஆவணங்களைக் கொண்டு வம்சாவளி தேடிக் கொடுப்பது என் தொழில். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸுக்கு வந்த ஐரோப்பியர்கள், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் ஆகியோரைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டு வருகிறார்கள். முன்பெல்லாம் வேர் தேடி வந்தார்கள். இப்போது சொத்துத் தேடி வருபவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இது புரொபேட் ஆன உயில், கோர்ட்டே ஒப்புக்கொண்ட சொத்து" என்கிறார்கள். கோர்ட் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த உயில் உண்மையானது, இதை எழுதியவர் இன்னார், இதை நிறைவேற்றும் பொறுப்பு இன்னாருக்கு என்பதோடு புரொபேட் முடிந்துவிடுகிறது. உயிலில் எழுதிய சொத்து எழுதியவருக்குச் சொந்தமானதுதானா என்ற கேள்விக்குள் அந்த நீதிமன்றம் போவதே இல்லை. 1726ஆம் ஆண்டுச் சாசனத்தால் அதிகாரம் பெற்ற மதராஸ் மேயர் நீதிமன்றமானாலும், 1798இல் வந்த ரெக்கார்டர் நீதிமன்றமானாலும், 1801இல் வந்த சுப்ரீம் கோர்ட்டானாலும், 1862 முதல் இருக்கும் உயர் நீதிமன்றமானாலும் புரொபேட் என்றால் இதுதான். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டத்தைத் தன் மகனுக்கு எழுதிவைத்தாலும், உயில் முறையாக இருந்தால் புரொபேட் கிடைக்கும். தோட்டம் கிடைக்காது.

சரி, வீடு அவருடையது என்றே வைத்துக்கொள்வோம். உயில் எழுதிய நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையில் அவர் அதை விற்றிருக்கலாம். விற்கவில்லை என்றாலும், கடனை அடைக்கவும் உயிலில் சொன்ன தொகைகளைக் கொடுக்கவும் நிறைவேற்றுநர் விற்றிருப்பார். மதராஸில் இறந்த ஐரோப்பியர்களின் சொத்துகள் பெரும்பாலும் ஏலத்தில் காசாக்கப்பட்டு, மிச்சத் தொகை ஊருக்கு அனுப்பப்பட்டது. யார் வாங்கினார், என்ன விலை, ஏலக்காரர் கமிஷன் எவ்வளவு என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். உயில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் இருக்கிறது என்றால், இறந்தவர்களின் சொத்துப் பட்டியலும் கணக்கும் எல்/ஏஜி/34/27 வரிசையில் இருக்கின்றன. முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்க்காமலே வழக்குப் போடக் கிளம்புகிறார்கள். அந்த வேப்பேரி வீடு, அவர் இறந்த மறு வருடமே ஏலத்தில் போய்விட்டது. கணக்கில் தெளிவாக இருக்கிறது.

அதன் பிறகு அந்த மனை எத்தனை கை மாறியிருக்கும்! வேறொருவர் தன்னுடையது என்று வெளிப்படையாக 12 ஆண்டுகள் அனுபவித்தாலே தனியார் நிலத்தை மீட்க வழக்குத் தொடுக்கும் உரிமை போய்விடுகிறது. வெளியூர் நிலம் என்றால் 1948இன் எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டம், 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் எல்லாம் நடுவில் நிற்கின்றன. இருநூறு வருடத்துக்கு முந்தைய உயிலை வைத்து மனையை மீட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஆற்றாமை தருவது பணம் போனது மட்டுமில்லை. அதே உயிலில் நான்காவது பத்தியில், தன் பிள்ளைகளின் தாயான ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுக்க மாதம் 15 ரூபாய் கொடுக்கும்படி எழுதியிருந்தது. தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடந்தது. அந்தக் குடும்பத்தின் ஆதித்தாய் அவர்தான். தரகர் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விட்டார், குடும்பமும் அவர் பின்னால் போய்விட்டது.

இத்தகைய பெண்களைத் தேவாலயப் பதிவேடுகளில் தேடிக் களைத்துப்போகிறவர்கள் ஏராளம். மதராஸ் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் அதே இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் 1698 முதல் இருக்கின்றன. ஆனால் தந்தையின் பெயரை எழுதிவிட்டுத் தாயின் இடத்தை வெறுமையாக விட்ட வரிகளும், ஒரு சுதேசிப் பெண் என்று மட்டும் எழுதிய வரிகளும் அவற்றில் மலிந்து கிடக்கின்றன. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைத் தன் பணிகளில் சேர்ப்பதில்லை என்று 1791இல் கம்பெனி முடிவெடுத்த பிறகு, தாயை மறைப்பதற்குக் காரணமும் கூடிவிட்டது. பணம் கொடுக்கும் இடத்தில் அந்த மறைப்பு செல்லாது. வாங்குபவரின் பெயர் இல்லாமல் கணக்கு நேர்படாது. இந்தக் குடும்பத்தின் கணக்கில் மாதாமாதம் அந்தப் பெண்ணின் பெயர் வருகிறது, ஒவ்வொரு குமாஸ்தாவின் கையிலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில். ஏழெட்டு வருடம் தொடர்ந்து வந்த அந்த வரி ஓர் ஆகஸ்டோடு நிற்கிறது. அதற்கு அடுத்த வரி ஈமச்செலவு. அவர் ஞானஸ்நானம் பெறாதவர், எந்தத் தேவாலயப் பதிவேட்டிலும் இல்லாதவர். அவருடைய மரணத்துக்கு இருக்கும் ஒரே சான்று ஒரு செலவுக் கணக்கு.

உயில் இல்லை என்று தெரிந்ததும் தேடலை நிறுத்திவிடுபவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பிய எலிஹு யேல்கூட 1721இல் முறையாகக் கையெழுத்திட்ட உயில் இல்லாமல்தான் இறந்தார். உயில் இல்லாதவரின் சொத்தை நிர்வகிக்க யாராவது நீதிமன்றத்தில் அனுமதி கேட்டாக வேண்டும். கேட்பவர் தனக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்று சொல்லியாக வேண்டும், பிணை கொடுப்பவர்களும் கையெழுத்திட வேண்டும். அந்த ஆவணக் கட்டுக்குள் பல நேரம் உயிலைவிட அதிக உறவினர்கள் கிடைப்பார்கள். இங்கிலாந்திலும் சொத்து இருந்தவரானால், 1858 ஜனவரி வரை கேன்டர்பரி மாகாண நீதிமன்ற உயில்களிலும் தேடுங்கள்.

யேலைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1680இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் அவர் மணந்த கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் விதவை. முதல் கணவர் வழியில் அவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள். வாழ்க்கைத் துணை இறந்த சில மாதங்களிலேயே மறுமணம் என்பது அன்றைய மதராஸில் சர்வசாதாரணம். ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர்களில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். உயில் எழுதியபோது இருந்த மனைவிதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எடுத்துக்கொண்டால் மரம் கோணலாகிவிடும். உயிலில் பெயர் இல்லாத மகன் மகனே இல்லை என்பதும் அவசர முடிவுதான். பங்கை முன்னதாகவே வாங்கிக்கொண்டு போனவன் பெயர் உயிலில் வராது. அனாதை விடுதிப் பட்டியலில் பெயர் இருப்பதால் இரு பெற்றோரும் இறந்துவிட்டார்கள் என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். தாய் உயிரோடிருந்த சிப்பாய்ப் பிள்ளைகளும் அந்த விடுதிகளில் இருந்தார்கள்.

நில ஆவணங்களுக்கு வருகிறேன். 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் வரும்வரை, மாகாணத் தலைநகருக்கு வெளியே ஐரோப்பியர் இஷ்டம்போல் நிலம் வாங்க முடியாது. ஆகவே 1790இல் உள்நாட்டில் ஆயிரம் ஏக்கர் வைத்திருந்த பாட்டன் கதையைக் கேட்டால் முதலில் சந்தேகப்படுங்கள். நிலம் துபாஷி (ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர்) பெயரிலோ அந்த வீட்டுப் பெண்ணின் பெயரிலோ இருந்திருக்கலாம். ஐரோப்பியக் குடும்பப் பெயரை மட்டும் தேடினால் அது அகப்படாது.

பத்திரத்தைக் கையில் எடுத்ததும் எல்லோரும் வாங்கியவர் பெயரையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் நான்கெல்லையைப் பார்க்கிறேன். வடக்கில் இன்னார் தோட்டம், கிழக்கில் இன்னார் வீடு என்று எழுதியிருக்கும். உங்கள் முன்னோர் இறந்த தேதி எங்கும் கிடைக்கவில்லையா? அவருடைய அண்டை வீட்டுக்காரர்களின் பத்திரங்களை வரிசையாக எடுங்கள். ஒரு பத்திரத்தில் தெற்கெல்லை அவர் பெயரில் இருக்கும், சில வருடம் கழித்து எழுதிய பத்திரத்தில் அதே எல்லை அவருடைய விதவையின் வீடாகியிருக்கும், அதற்கடுத்ததில் வாரிசுகளின் மனையாகியிருக்கும். மரணம் அந்த இடைவெளிக்குள் நடந்திருக்கிறது. ஆனால் ஒன்று, பழைய எல்லை விவரத்தில் அப்படியே நகலெடுத்த வரிகளும் உண்டு. இறந்தவர் பெயர் இருபது வருடம் எல்லையில் நிற்கும். ஒரு பத்திரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சென்னையில் சர்வே எண்களும் பழையது, மறு சர்வே, டவுன் சர்வே என்று மாறியிருக்கின்றன. எண் ஒன்றாக இருப்பதால் மனையும் ஒன்று என்று நம்பிவிட வேண்டாம். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றிதழ் கம்பெனி காலத்துக்குப் போகாது. பதிவு கட்டாயமானதே 1860களில்தான்.

தேடலை உங்கள் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள், ஆளுநரிடமிருந்து வேண்டாம். இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்ச மரத்தை ஆதாரமாக நகலெடுக்காதீர்கள். ஒரே பெயரில் ஒரே காலத்தில் மதராஸில் பல பேர் இருந்தார்கள். படைப்பிரிவு, பதவி, சாட்சிகளின் பெயர் மூன்றும் பொருந்தாமல் சேர்க்காதீர்கள். 1752க்கு முன் ஆங்கிலேயர்களுக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் வருடத்தை இருமுறை சரிபாருங்கள். ஆவணத்தின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். எழுத்தர் குறிப்பு அங்கேதான் இருக்கும். மூலத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். பழைய காகிதத்துக்கு லேமினேஷன் போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். எத்தனை நல்ல ஆவணங்கள் இப்படி நாசமாகியிருக்கின்றன என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

பதிவேடுகளின் பெயர்ப்பட்டியலைப் பெரும்பாலும் காசில்லாமலே பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் அமைப்பின் தேடுதளம் இருக்கிறது, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரியவர்கள் போன பிறகு டிரங்குப் பெட்டியைப் பிரிக்கும்போது, அழகாகக் கட்டிய உயிலை மட்டும் எடுத்துக்கொண்டு துண்டுச் சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். வாடகை ரசீது, ஏல ரசீது, மாதப்படி வாங்கிய கைநாட்டுச் சீட்டு எல்லாவற்றையும் இருந்த வரிசை கலையாமல் ஓர் உறையில் போட்டு, யார் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது என்று உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.