உது என்ன?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தை. பின்னேரத்தில் அம்மாவின் மடியில் என் தங்கச்சியின் மகள் ஏறி இருப்பாள். இரண்டு வயது. கையில், ஓரமெல்லாம் கடிபட்ட படப்புத்தகம். வேலியடியில் நிற்கும் ஆட்டின் மேல் விரலை வைப்பாள்.

"உது என்ன?" என்பார் அம்மா.

"ஆது."

"ஓம், ஆடு. கறுத்த ஆடு. ஆடு என்ன தின்னுது?"

"குழ."

"ஓமோம், பூவரசங்குழை தின்னுது."

இதில் அம்மா வாசித்ததென்று ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைக்குப் பேச்சு வருவது இப்படித்தான்.

ஒரு வீட்டுக்குள் நூறு பொருள்கள். அங்கே "ஆடு" என்ற ஓசை காதில் விழுந்தால், அது எதன் பெயர் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? பெரியவர் பார்க்கும் திசையைப் பார்ப்பது, தான் கண்டதை விரலால் காட்டுவது இரண்டும் முதல் பிறந்தநாளை ஒட்டிய மாதங்களில் கைகூடுகின்றன. இருவர் கவனமும் ஒரே பொருளில் நிற்கும்போது சொல்லப்படும் பெயர் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. படப்புத்தகம் உலகத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கி மடியில் வைத்துவிடுவதால் கவனம் அதிகம் சிதறுவதில்லை.

இங்கே எங்கள் பேச்சுத் தமிழை நினைத்து எனக்குப் பெரிய சந்தோசம். தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இன்றும் வாழ்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதுதான் "உது". "உன் விரல் தொட்டதைத்தான் கேட்கிறேன்" என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

கேள்வி கேட்பதன் பலனை அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு 21 முதல் 35 மாதம். ஒரு பகுதிப் பெற்றோர் வழக்கம்போல வாசித்தார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அதோடு இரண்டு சொல் சேர்த்தார்கள். ஒரே மாதத்தில், இரண்டாம் பகுதிப் பிள்ளைகள் பேச்சுத் திறன் சோதனைகளில் பல மாத வளர்ச்சி அளவுக்கு முன்னே நின்றார்கள். "ஆது" என்றதை "கறுத்த ஆடு" ஆக்கும் அம்மாவுக்கு இதை யாரும் படிப்பிக்கவில்லை.

அச்சிலுள்ள வரி, "ஆடு இலைகளைத் தின்கிறது." வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. அதனாலேயே அதையும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்பேன். பள்ளிக்கூடம் போகும்போது எழுத்துத் தமிழ் அவளுக்கு அந்நியமாக இருக்காது. குழையும் இலையும் ஒரே படத்தில் சந்திக்கட்டும்.

முடிந்ததும், "இன்னொருக்கா!" பெரியவர்களுக்கு அலுப்புத்தான். ஆனால் 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்றில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகள் புதுச் சொற்களைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். வெவ்வேறு கதைகள் கேட்ட பிள்ளைகளின் காதிலும் அச்சொற்கள் அதேயளவு முறை விழுந்திருந்தன. முதல் தரம் கவனமெல்லாம் படத்திலும் கதையிலும் போய்விடுகிறது. அவை பழகிய பிறகுதான் சொல்லுக்கு இடம் கிடைக்கிறது போலும்.

போன கிழமை அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மறுகையின் விரலைக் காகத்தின் மேல் வைத்திருந்தார். பிள்ளை அந்த விரலைப் பார்த்தாள்.

"உது என்ன, அம்மம்மா?"