டெம்பரேச்சர் சரிதான், வோல்டேஜ் எவ்வளவு வைத்தீர்கள்?

போன வாரம் கடைக்கு ஒரு தம்பி வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர், 240 மி.மீ. லிக்விட் கூலர், கண்ணாடி வைத்த கேபினெட்டுக்குள் கலர் கலராக விளக்கு. "எக்ஸ்போர்ட் போட்டா பாதியில ரீஸ்டார்ட் ஆகுதுண்ணே, ரேம் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

ரேமை மாற்றிப் பார்த்தேன். அதே கதை. விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டபிள்யூஎச்இஏ லாகர் (வன்பொருள் கோளாறுப் பதிவு), எண் 18, வரிசையாக இருபது முப்பது பதிவுகள். ப்ராசஸரே "என்னால் முடியவில்லை" என்று எழுதி வைத்துவிட்டுப் போவது இது. பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய்ப் பார்த்தேன். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.45 வோல்ட். ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதற்காக இரண்டையும் நிலையாகப் பூட்டி எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் ரீஸ்டார்ட். கடைசியில் பூஸ்டை (தேவைப்படும்போது தானாக வேகத்தை ஏற்றும் வசதி) முழுக்க அணைத்து, அடிப்படை வேகமான 3.7-இல் விட்ட பிறகுதான் ஒரு மணி நேரம் தாங்கியது. 4.6 வரை போகும் என்று காசு கொடுத்து வாங்கிய சிப், இப்போது 3.7.

அவரிடம் இரண்டு வாதங்கள் இருந்தன. வருகிற எல்லோரிடமும் இதே இரண்டுதான்.

ஒன்று, "டெம்பரேச்சர் 82-ஐத் தாண்டினதே இல்லைண்ணே." நம்புகிறேன். நல்ல கூலர், ஏசி அறை, தாண்டியிருக்காது. ஆனால் ப்ராசஸரில் இருக்கும் பாதுகாப்பு வெப்பத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும், மீறினால் நிறுத்தும். நீங்கள் கையால் பூட்டிய வோல்டேஜைப் பார்த்து "இது அதிகம்" என்று அது சண்டைக்கு வராது. கூலர் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வோல்டேஜை எந்தக் கூலரும் இழுக்காது. கூடுதல் வோல்டேஜில் கூடுதல் மின்னோட்டம் நாள் முழுக்க ஓடினால் உள்ளே சிப் தேயும். புகை வராது, நாற்றம் வராது. நேற்றுவரை 1.25-இல் ஓடிய வேகத்துக்கு இன்று 1.30 கேட்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஆட்கள் செய்வது என்ன? இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

இரண்டாவது வாதம்தான் எனக்குத் தலைவலி. "ஓவர்கிளாக் பண்ணாதப்பவே சும்மா இருக்கும்போது 1.45 காட்டுச்சுண்ணே. கம்பெனியே குடுக்கிற வோல்டேஜ்தானே?"

காட்டும். புது ரைசனை வாங்கி எதையும் தொடாமல் விண்டோஸ் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாலே 1.4-க்கு மேல் துள்ளும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கோர் (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி), ஒரு நொடிக்கும் குறைவாக, சின்ன வேலைக்காக விழித்துப் பாய்கிறது. மின்னோட்டம் மிகக் கொஞ்சம். அதே சிப்பில் எல்லா கோருக்கும் வேலை கொடுத்துப் பாருங்கள், தானாகவே 1.2, 1.3 என்று இறங்கிவிடும். வெறுங்கையோடு மாடிப்படியில் ஓடுவது வேறு, நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவது வேறு. சிப்புக்கு அது தெரியும், மூட்டை ஏறினால் நடைக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் 1.45 என்று பூட்டியதும், மூட்டையோடும் ஓடு, நாற்பது நிமிட எக்ஸ்போர்ட் முழுக்க ஓடு என்று சொல்லிவிட்டீர்கள். கம்பெனி கொடுத்த 1.45 வேறு, நீங்கள் கொடுத்த 1.45 வேறு. எண் மட்டும்தான் ஒன்று. இதை ஒருவருக்குப் புரியவைக்க எனக்குச் சராசரியாக இரண்டு டீ ஆகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். அவர் மெஷின் எதையும் தொடாத நாட்களில் எல்லா கோரும் ஓடும்போது 4.4-ஐ ஒட்டி, 1.25 வோல்ட்டில் இருந்திருக்கும். மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருமடி விகிதத்தில் ஏறும். 4.4-இலிருந்து 4.7 என்றால் வேகம் 7 சதவீதம் கூட. செலவு சுமார் 44 சதவீதம் கூட. நாற்பது நிமிட வேலையில் மிச்சம் இரண்டரை நிமிடம். டீ ஆறுவதற்குள் போய்விடும்.

"எத்தனையோ பேர் பண்றாங்க, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு இரண்டு நினைவூட்டல்கள். 2023-இல் ரைசன் 7000 வரிசை சில்லுகள் சில மதர்போர்டுப் பலகைகளில் கருகின. பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் (சிப்பில் கோர்களைத் தவிர்த்த மற்ற பகுதிகளுக்குப் போவது) 1.3-ஐத் தாண்டாதபடி பயாஸ் வழியாகவே ஏஎம்டி பூட்டுப் போட்டது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தேய்ந்தன. ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) அப்டேட் 1.55 வோல்ட்டில் வரம்பு வைத்தது. ஏற்கனவே தேய்ந்த சில்லை அந்த அப்டேட் குணப்படுத்தாது என்பதும் அப்போதே தெரிந்த விஷயம். தயாரித்தவர்களுக்கே சறுக்கிய இடம் இது. பயாஸ் அப்டேட் செய்யாமல் ஓவர்கிளாக்கில் கை வைப்பவர்களை நான் திட்டத்தான் செய்வேன்.

சரி, செய்தே தீருவேன் என்றால் முதலில் உங்கள் வேலைக் கோப்புகளை வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நிலையில்லாத ப்ராசஸர் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும். இன்னொருவர் வீட்டுத் தாலிகட்டு உங்கள் டிஸ்கில் இருக்கிறது, மறுபடி எடுக்க முடியாது.

அப்புறம், எதையும் தொடாமல் பத்து நிமிடம் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு, சுமையில் எத்தனை வோல்ட் என்று தாளில் எழுதுங்கள். அந்த எண்தான் உங்களுக்கு அளவுகோல், வீடியோவில் வந்தவருடைய எண் இல்லை. அவர் சிப் வேறு, உங்கள் சிப் வேறு. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு சிப்கூட ஒன்றாக நடக்காது.

எந்த எண்ணைப் படிக்கிறீர்கள் என்பதிலும் கோளாறு நடக்கிறது. விஐடி என்று வருவது ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜ். கிடைப்பது விகோர். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ரைசன் 5000-க்கு எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற வரியைப் பாருங்கள்; இன்டெலில் மதர்போர்டு தலைப்பின் கீழ் வரும் விகோரைப் பாருங்கள். மலிவான பலகைகளில் இந்த சென்சாரும் கொஞ்சம் தள்ளித்தான் சொல்லும். நான் சந்தேகம் வந்தால் சாக்கெட்டின் பின்புறம் மல்டிமீட்டர் வைத்து அளப்பேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ப்ரோப் நுனி ஒரு மில்லிமீட்டர் வழுக்கி 12 வோல்ட் பக்கத்தைத் தொட்டால் சிப் அந்த நொடியே காலி. உயர்விலைப் பலகைகளில் அளப்பதற்கென்றே புள்ளிகள் உண்டு, அங்கே என்றால் சரி.

வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிட்டு மல்டிப்ளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) மட்டும் ஏற்றாதீர்கள், பலகை தன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்கும். எல்எல்சியை (சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் தாங்கும் அமைப்பு) உச்சத்தில் வைக்காதீர்கள். ஒரு கம்பெனியில் 1 என்பது உச்சம், இன்னொன்றில் 8 உச்சம், கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மல்டிப்ளையரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். நின்றுபோனால் வோல்டேஜை 0.01, 0.02 என்றுதான் கூட்டலாம். ரைசனில் எல்லா கோருக்கும் நிலையாக 1.3-ஐ நெருங்கினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இந்தச் சோதனை முடிகிற வரை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் தப்பு ரேமிலா ப்ராசஸரிலா என்று நாள்கணக்கில் தேடுவீர்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வாரண்டி இதற்குச் செல்லாது என்பதை வாங்கும்போதே எழுதித்தான் கொடுக்கிறார்கள், கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

அந்தத் தம்பி இப்போது புது ப்ராசஸருக்குக் காசு சேர்க்கிறார். அதுவரை 3.7-இல் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். கேபினெட்டின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி போட்டு, "பூஸ்ட் ஆஃப், தொடாதே" என்று எழுதினேன். மூடியைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ரேமை மட்டும் கொஞ்சம் ஏத்திக்கலாமாண்ணே?"