கௌட்ரெயின் கட்டணச் சலுகை: கேட்டால்தான் கிடைக்கும், காகிதம் சரியாக இருந்தால்தான் நிலைக்கும்

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் விமான நிலையத்தையும் இணைக்கும் விரைவு ரயிலான கௌட்ரெயினில் 50 சதவீதம் வரை கட்டணம் குறைக்கும் ஒரு சலுகை இருக்கிறது. பெயர் கிளெவாமோவா. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டுக்கு மேல் போகாதவர்களுக்கானது. இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிப் போய்வரும் ஆயாக்களும் தாத்தாக்களும் மார்ல்பரோ கார்டன்ஸிலும் லௌடியத்திலும் லெனேசியாவிலும் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை மெல்ரோஸ் சிவ சுப்பிரமணியர் கோயிலுக்கு, வெள்ளிக்கிழமை பிரிட்டோரியா மராபாஸ்டட் மாரியம்மன் கோயிலுக்கு என்று போகிற இவர்களிடம், உங்களுக்குச் சலுகை உண்டா என்று நிலையத்தின் எந்த நுழைவாயில் இயந்திரமும் கேட்காது. அட்டையை வைத்ததும் பணத்தை எடுத்துக்கொள்ளும்.

பின்னணி இரண்டு வரி போதும். ரயில் 2010 ஜூன் 8-இல் சாண்டனுக்கும் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2012-இல் ஜோகன்னஸ்பர்க் பார்க் நிலையம் வரை முடிந்தது. மொத்தம் 80 கிலோமீட்டர், 10 நிலையங்கள். வருமானம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மீதியை கௌடெங் மாகாண அரசு ஈடுகட்டும் என்ற ஒப்பந்தத்தோடுதான் இது ஓட விடப்பட்டது. அதாவது, ஏறாதவர்களின் வரிப்பணமும் இதில் போயிருக்கிறது. சலுகை கேட்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி சிக்கல்கள்.

முதல் சிக்கல் "குடும்பம்" என்ற சொல்லில் இருக்கிறது. 3,50,000 என்பது ஒருவருடைய சம்பளத்துக்கான எல்லை அல்ல, வீட்டு வருமானம் அத்தனைக்கும் சேர்த்து. மாதத்துக்கு வகுத்தால் ஏறத்தாழ 29,167 ரேண்ட். கணவனும் மனைவியும் ஆளுக்கு 15,000 வாங்கினால் வருடம் 3,60,000, எல்லை தாண்டிவிட்டது. என் சம்பளம் குறைவுதானே என்று தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் திரும்புகிறார்கள். கைக்கு வரும் தொகையை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். வரியும் மருத்துவக் காப்பீடும் பிடிப்பதற்கு முந்தைய தொகையை எடுங்கள். டிசம்பரில் வரும் 13-ஆவது சம்பளத்தைச் சேருங்கள். பின்கட்டு அறை வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் சேருங்கள். அப்படியும் எல்லைக்குள் வந்தால் யாரும் உங்களோடு வாதாட முடியாது.

கூட்டுக் குடும்பங்களுக்கு இது இன்னும் சிடுக்கு. ஒரே வளவில் முன்வீட்டில் மகன் குடும்பம், பின்வீட்டில் பெற்றோர், இரண்டு அடுப்பு, ஒரே மின் கணக்கு என்பது லெனேசியாவில் சாதாரணம். ஒரே முகவரி என்பதற்காக மகனுடைய சம்பளத்தையும் தாத்தாவின் ஓய்வூதியத்தோடு கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டால், தகுதி உள்ளவர் தன் கையெழுத்தாலேயே தகுதி இழக்கிறார். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் "வீட்டார் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைப் படிவத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதற்காகத் தனிக் குடும்பம் என்று பொய் சொல்லி பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டாம்; பொய்ப் பிரமாணம் குற்றம், ரயில் கட்டணத்துக்காக அதில் மாட்டக் கூடாது.

60 தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பள்ளிப் பிள்ளைகள் வருமானப் பேச்சைத் தொடங்கும் முன்பே "எனக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா?" என்று கேட்டுவிட வேண்டும். தவறான பிரிவில் விண்ணப்பம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் முகவரி. தண்ணீர், மின் பில் இன்னும் பெரியவர் பெயரிலேயே இருக்கும்; அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். விதவையின் பெயரில் ஒரு காகிதமும் இராது. அதிகாரிக்கு இது புரியாமல் இல்லை, ஆனால் அவர் பட்டியலில் "முகவரிச் சான்று" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குறி போட வேண்டும். கைவசம் இரண்டு வழி உண்டு: வங்கிக் கணக்கு முகவரியைப் புதுப்பித்து, வங்கி முத்திரையிட்ட அறிக்கை வாங்கிக்கொள்வது, அல்லது பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர், "இவர் என் வீட்டில்தான் வசிக்கிறார்" என்று பிரமாணப் பத்திரம் கொடுப்பது. பில்காரர் இறந்திருந்தால், அங்கே வசிப்பவரே நிலைமையை எழுதி இறப்புச் சான்றின் நகலை இணைக்கலாம். பிரமாணப் பத்திரமும் நகல் சான்றொப்பமும் காவல் நிலையத்தில் இலவசம். முத்திரைக்குப் பணம் கேட்டு வாசலில் நிற்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். சான்றொப்பம் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல அலுவலகங்கள் தள்ளிவிடும், ஆகவே போகிற வாரத்திலேயே வாங்குங்கள்.

எல்லா நகலிலும் குறுக்காக, எழுத்தை மறைக்காமல், "கௌட்ரெயின் கட்டணச் சலுகைக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதித் தேதி போடுங்கள். அடையாள அட்டை நகலை வைத்து யாரோ கடன் வாங்கி, பெரியவர்கள் கடன்பட்டியலில் மாட்டுவது இந்த நாட்டில் புதிதல்ல. நகலோடு மூலத்தையும் கொண்டுபோங்கள். இன்னும் பழைய பச்சை அடையாளப் புத்தகம் வைத்திருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு முதல் ஸ்மார்ட் அடையாள அட்டை இலவசம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். சாசா (அரசின் சமூக உதவித்தொகை முகமை) தரும் அட்டை பணம் எடுக்கத்தான் உதவும், அடையாளச் சான்றாகாது. அதை மட்டும் நீட்டினால் திரும்ப வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை, அல்லது டர்பனிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவை, இந்தச் சலுகையில் சேர்க்கலாம் என்று செலவுக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்குச் சாதாரண அட்டையே போதும்.

பதிவு செய்யப் போகும் நாளும் பயணம் போகும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. தைப்பூசத்தன்று காலையில் பால்குடத்தோடு கவுன்டரில் நின்று விண்ணப்பம் கொடுத்தால் கோபம்தான் மிஞ்சும். குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக, வார நாளில், காலைக் கூட்டம் வடிந்த பிறகு போங்கள். "என்னென்ன வேண்டும், முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் எழுதித் தாருங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒரு காகிதத்துக்கு ஒரு நாள் என்று அலைய விடும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து.

சலுகை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் கிளம்பிவிட வேண்டாம். "50 சதவீதம் வரை" என்பதில் "வரை"யைக் கவனியுங்கள். நீங்கள் போகும் நிலையத்துக்கு, நீங்கள் போகும் நேரத்தில், சரியாக எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் வெளியேறும் கேட்டின் சின்னத் திரையில் மீதித் தொகை தெரியும். ஏறும் முன் இருந்த தொகையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அன்றே, அதே நிலையத்தில் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அட்டை வரலாற்றை எடுத்துக் காட்டும் வேலை உங்கள் தலையில் விழும்.

சலுகை எந்த அட்டையில் பதிவாகியிருக்கிறதோ அதைத் தட்டினால்தான் குறைந்த கட்டணம். கைப்பையிலிருந்து அவசரத்தில் வங்கி அட்டையை எடுத்துத் தட்டினால் கேட் திறக்கும், முழுக் கட்டணமும் போகும். இரண்டு அட்டையையும் ஒரே உறையில் வைத்துத் தட்டவே கூடாது. உள்ளே போக எதைத் தட்டினீர்களோ வெளியே வரவும் அதையே தட்ட வேண்டும். மாற்றினால் பயணம் முடியாததாகக் கணக்காகி அதிகக் கட்டணம் பிடிக்கப்படும். ஓர் அட்டையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பேரனையும் சேர்த்து ஒரே அட்டையில் நுழைக்க முடியாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தை மட்டும் இலவசம். ஆயாவின் சலுகை அட்டையைக் கல்லூரிக்குப் போகும் பேத்தியிடம் கொடுத்தனுப்பினால், பிடிபடும் நாளில் ஆயாவுக்கே சலுகை போய்விடும்.

நிலையத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி. ரயில் ஏறுபவருக்கு ஒரு வாடகை, ஏறாதவருக்கு அதைவிட அதிகம். நிறுத்துமிடத்தில் ஓர் அட்டை, ரயிலில் வேறு அட்டை என்று தட்டினால், நீங்கள் ரயில் ஏறவே இல்லை என்றுதான் இயந்திரம் நினைக்கும். கார் ஓட்டுபவர் தன் அட்டையாலேயே இரண்டையும் செய்ய வேண்டும். பஸ்ஸும் அப்படித்தான்: கௌட்ரெயின் பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ரயில் பயணத்தோடு சேர்த்து, அதே அட்டையில், இறங்கியதும் நேரே ஏறினால்தான் குறைந்த கட்டணம்.

ஆனால் கோயில் பயணத்துக்கு அந்த பஸ்ஸை நம்ப வேண்டாம். பெரும்பாலான தடங்கள் வார நாட்களுக்கானவை, நம்மவர்கள் போவதோ ஞாயிறு. மெல்ரோஸ் கோயிலுக்கு ரோஸ்பேங்க்கில் இறங்க வேண்டும். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், முதியோரை வெயிலில் நடத்திக் கூட்டிப் போகிற தூரமல்ல. மராபாஸ்டட்டுக்கு பிரிட்டோரியா நிலையத்தில் இறங்குங்கள், ஹாட்ஃபீல்ட் வரை போக வேண்டாம். இரண்டு இடத்திலும் மிச்சத் தூரத்துக்கு கார் ஏற்பாட்டை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரயிலில் மிச்சப்படுத்தியது டாக்சியில் போகும்.

நேரத்தாலும் கட்டணம் மாறும். வார நாட்களில் காலை, மாலை கூட்ட நேரத்தில் அதிகம். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் குறைவு. தீபாவளியும் தமிழ்ப் புத்தாண்டும் இங்கே பொது விடுமுறை அல்ல. வார நாளில் வந்தால் வார நாள் கட்டணமே. காலை 10 மணிக்கு மேல் கிளம்பி, மதியம் 2 மணிக்குள் திரும்பு ரயில் ஏறப் பாருங்கள். விடுமுறை நாட்களில் கட்டணம் குறைவு, ரயிலும் குறைவு. ஏறத்தாழ அரை மணிக்கு ஒன்று. அர்ச்சனை நீண்டு இரவு ஆகிவிடும் என்றால் கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிலிருந்து ஹாட்ஃபீல்ட் முழுத் தூரமும் 42 நிமிடம்தான்.

ஒரு நாள் பயணத்துக்கு வாரப் பாஸ், மாதப் பாஸ் எதுவும் வாங்காதீர்கள். அவை இரண்டு குறிப்பிட்ட நிலையங்களுக்கு இடையே தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. விமான நிலையத்துக்குச் செல்லாது. விமான நிலையக் கட்டணம் தனி, மிக அதிகம். யாரையாவது வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு நிலையம் முன்னதாக ரோட்ஸ்ஃபீல்டில் இறங்கி அங்கிருந்து காரில் போனால் அந்தக் கூடுதலிலிருந்து தப்பலாம். பெட்டி படுக்கையோடு இதைச் செய்ய வேண்டாம். பிரிட்டோரியா, சென்சூரியன், மிட்ராண்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் விமான நிலையம் செல்லும் கிழக்குத் தடத்துக்கு மார்ல்பரோவில் மாற வேண்டும். லெனேசியாவிலிருந்து மெட்ரோரெயிலில் பார்க் வந்து மாறுகிறவர்கள் கவனிக்க: அது வேறு நிறுவனம், வேறு வாசல். அந்தச் சீட்டு இங்கே செல்லாது, இந்தச் சலுகை அங்கே செல்லாது.

இன்னொன்று, கோயிலிலிருந்து வருகிறவர்களுக்கு. ரயிலிலும் நிலையத்தின் கட்டண எல்லைக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, சூயிங் கம் கூட. அபராதம் உண்டு. புளியோதரைப் பொட்டலத்தை மூடி வைத்துக் கொண்டுபோவதில் தவறில்லை, பிரிக்கத்தான் கூடாது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் உள்ளே நுழையும் முன் ஏதாவது சாப்பிட்டுவிடட்டும்.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டால், வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். கௌட்ரெயின் நிர்வாக முகமை கௌடெங் மாகாணச் சட்டத்தால் உருவான பொது அமைப்பு. 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம், முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்ட 90 நாட்களுக்குள் அவர்கள் தர வேண்டும். கடிதத்தில் விண்ணப்பித்த தேதி, நிலையம், கவுன்டரில் கொடுத்த காகிதங்களின் பட்டியல், பேசிய அலுவலர் பெயர், குறிப்பு எண் இருக்கட்டும். ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும், அதில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். தொலைபேசியில் கேட்க 0800 42887246. ஒவ்வொரு அழைப்புக்கும் குறிப்பு எண் கேட்டு வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலிலேயே தேதியோடு குறித்து வையுங்கள்.